குளிரில் ஓடுகிறவன் என்ன உடுத்த வேண்டும்? – ஒரு பழைய வாத்தியாரின் திருத்தம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக, இந்த ஆண்டு பிள்ளைகளைக் குளிர் நாடுகளுக்குப் படிக்க அனுப்பிவைத்திருக்கும் பெற்றோர்கள் படித்தால் எனக்குத் திருப்தி.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் இங்கிலாந்திலிருந்து அழைத்தான். செப்டம்பரில்தான் மேல்படிப்புக்கு ஷெஃபீல்டு போனான். பள்ளியில் 1500 மீட்டரில் மாவட்ட அளவில் ஓடியவன். ஓடாமல் இருக்க முடியாது அவனால்.

"சார், ஒரு விஷயம் சொல்லணுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடப் போயிருக்கிறான். எட்டு டிகிரி. மழை இல்லை. ஊரின் மேற்குப் பக்கம் ஓடையை ஒட்டி மேடேறும் பாதை. பருத்தி பனியன், அதன் மேல் தடிமனான பருத்தி ஸ்வெட்ஷர்ட், அரைக்கால் சட்டை. முதல் அரை மணி நேரம் சுகமாக இருந்ததாம். நன்றாக வியர்த்தது. மேலே போனதும் தூறலும் காற்றும் சேர்ந்துகொண்டன. உதிர்ந்து கிடந்த ஈர இலையில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"இருபது நிமிஷந்தாங்க சார் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தா நம்பர் அழுத்த விரல் வரலைங்க. பல்லு கிட்டிச்சுக்குது, வாய் குழறுது. ஒருத்தரு நாயைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் வந்தாரு. அவரு ஜெர்கினைக் கழட்டிப் போத்திவிட்டு, ரோடு வரைக்கும் கைத்தாங்கலாக் கொண்டுபோய் விட்டாரு. அவரு வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியலைங்க."

கடைசியில் கேட்டான்: "எட்டு டிகிரிதானுங்க சார். ஊட்டியில அதைவிடக் குளிர்ல எல்லாம் நின்னிருக்கோம். இது ஏன் இப்படி ஆச்சு?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்டில் விடைபெற்றுக்கொள்ள வீட்டுக்கு வந்தவனிடம், "பாலியஸ்டர் எல்லாம் எதுக்குடா? பருத்திதான் உடம்புக்கு நல்லது. நம்ம ஊர் பனியன் நாலு எடுத்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். திருப்பூர்ப் பக்கத்துக்காரன் வேறு என்ன சொல்வேன்? எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது பருத்தி பனியன்.

32 ஆண்டுகள் வரலாறு நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் அழித்துத் திருத்தி எழுதுவதில் எனக்கு என்றும் வெட்கம் இருந்ததில்லை. இந்தப் பதிவு அந்த மாதிரி ஒரு திருத்தம். ஒரு வாரமாகத் தேடிப் படித்ததில், அவன் கேட்ட கேள்விக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது. அதன் முக்கியமான ஒரு அத்தியாயம் அவன் வழுக்கி விழுந்த இடத்துக்குப் பக்கத்து மலைகளிலேயே நடந்திருக்கிறது.

முதலில் ஒன்று. குளிரில் ஓடுவது இங்கிலாந்தில் இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. அங்கே காடுமேடு தாண்டி ஓடும் 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டம் பிறந்ததே குளிர்காலத்துக்காகத்தான். லண்டனில் தேம்ஸ் நதியில் படகு வலிக்கும் சங்கத்தார், குளிர்காலத்தில் உடம்பு கெட்டுவிடக் கூடாதே என்று 1867 டிசம்பரில் ஓர் ஓட்டம் வைத்தார்கள். மறு ஆண்டு, 1868இல், அதிலிருந்து 'தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' என்ற சங்கம் பிறந்தது. இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரும்வரை ஓடுவார்கள். கோடையில் ஓய்வு. நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்!

அவர்கள் என்ன உடுத்தினார்கள்? பெரும்பாலும் கம்பளி ஜெர்சி, முழங்கால் வரை கால்சட்டை. அன்றைய ஓட்டப் போட்டி விதிகளே தோளிலிருந்து முழங்கால் வரை உடம்பு மூடியிருக்க வேண்டும் என்றன. அந்த விதிக்குக் காரணம் குளிர் அல்ல, நாகரிகம். ஆனாலும் கம்பளி உடம்பில் இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். ஏன் தப்பித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அதற்குக் காரணம் சொல்ல முதலில் வந்தவர் குஸ்டாவ் யேகர். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த விலங்கியல் பேராசிரியர். செடியிலிருந்து வரும் பருத்தியும் லினனும் உடம்புக்குக் கேடு, விலங்கின் ரோமமே மனிதனுக்கு ஏற்றது என்று 1880 வாக்கில் ஒரு கொள்கையை எழுப்பினார். உள்ளாடை முதல் படுக்கை விரிப்பு வரை எல்லாம் கம்பளி. 1884இல் லண்டனில் அவர் பெயரிலேயே கடை திறக்கப்பட்டது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா கூட அந்தக் கம்பளி உடையை மாட்டிக்கொண்டு தெருவில் உலவினார்.

நான்கே ஆண்டுகளில் எதிர்க்கட்சி கிளம்பியது. 1888இல் லங்காஷயரைச் சேர்ந்த ஆலை அதிபர் லூயிஸ் ஹாஸ்லம், சிறு சிறு கண்ணிகள் விட்டுப் பருத்தியிலேயே ஒரு துணி நெய்தார். பெயர் 'ஏர்டெக்ஸ்'. உடம்பைச் சூடாக வைப்பது நூல் அல்ல, அந்தக் கண்ணிகளில் அடைபட்டு நிற்கும் காற்றுதான் என்பது அவர் கட்சி. நம் பாடப்புத்தகத்தில் வரும் லங்காஷயர்தான் இது. நம் நெசவாளர்களின் தறியை ஓயவைத்த அதே ஆலைப் பிரதேசம். இந்த ஊர்ப் பெயர் இன்னும் ஒருமுறை வரும், நினைவில் வையுங்கள்.

யேகர் சரியா, ஹாஸ்லம் சரியா? இருவரும் பாதிப் பாதி சரி. வெப்பத்தைக் காப்பது அசையாமல் நிற்கும் காற்று என்பதில் ஹாஸ்லம் சரி. ஆனால் துணி நனைந்துவிட்டால் கண்ணியில் காற்று ஏது? அங்கே தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவது காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு. நனைந்த பிறகு எந்த நூல் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி வரும்போது யேகரின் கம்பளி முந்திக்கொள்கிறது.

இதைக் கணக்கில் பாருங்கள். சாதாரணக் காற்றில் தொங்கும் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவு ஈரத்தை வைத்திருக்கும். கம்பளி சுமார் 16 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம் கூடக் கிடையாது. கம்பளிதான் அதிகம் குடிக்கிறது, அது எப்படி நல்லது என்று கேட்பீர்கள். கம்பளி ஈரத்தை நாருக்கு உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதன் சுருள் நனைந்தாலும் முழுக்கப் படிந்துவிடாது, இடையில் கொஞ்சம் காற்று மிஞ்சும். நனைந்த பருத்தி அப்படியே தோலோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பூர் வெயிலில் இது வரப்பிரசாதம், ஒட்டிய துணி காயும்போது உடம்பு குளிர்கிறது. எட்டு டிகிரிக் காற்றில் அதே குணம்தான் எமன்.

கண்ணியில் நிற்கும் காற்று என்ற யோசனையை அடுத்து எடுத்தவர் நார்வே நாட்டு ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன். 1933இல் மீன்வலையை வெட்டித் தைத்து ஒரு பனியன் செய்தார். நம்புங்கள், மீன்வலைதான். பெரிய ஓட்டைகள். உடம்போடு ஒட்டும் நூல் மிகக் குறைவு. வியர்வை ஓட்டை வழியாக மேல்சட்டைக்குப் போய்விடும், தோலையொட்டிக் காற்று நிற்கும். சிரித்தவர்கள் பிறகு வாங்கினார்கள். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினர் உள்ளே போட்டிருந்தது இந்த வலைப் பனியன்.

இந்தக் காலகட்டத்தில் அமெரிக்காவில் வேறு ஒரு உடை பிறந்தது. அலபாமாவில் துணி ஆலை வைத்திருந்த ரஸ்ஸல் குடும்பத்துப் பையன் கால்பந்து ஆடுகிறவன். கம்பளி ஜெர்சி அரிக்கிறது என்று அப்பாவிடம் சொல்ல, 1926இல் ஆலையில் தடிமனான பருத்தியில் தளர்வான ஒரு சட்டை செய்து கொடுத்தார்கள். அதுதான் ஸ்வெட்ஷர்ட். பெயரிலேயே வியர்வை இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றவும், ஆட்டம் முடிந்து உலர்ந்த உடம்பில் மாட்டிக்கொள்ளவும் அருமையான உடை. நூறு ஆண்டுகளாக உலகம் முழுக்க ஓடுகிறவர்களின் அடையாளமாகிவிட்டது. என் மாணவன் அன்று போட்டிருந்தது இந்த உடையின் பேரப்பிள்ளையைத்தான். ஆனால் தூறலில் மேடேறி ஓடுகிறவனுக்கு நனைந்த ஸ்வெட்ஷர்ட் என்பது ஈரச் சாக்கு.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது குளிரையும் உடையையும் அளக்க வேண்டிய கட்டாயம் ராணுவங்களுக்கு வந்தது. 1941இல் கேகி, பர்ட்டன், பேஸெட் என்ற மூன்று உடலியலாளர்கள் உடையின் வெப்பக் காப்புக்கு ஓர் அலகு வைத்தார்கள். பெயர் 'க்ளோ'. 21 டிகிரி அறையில், காற்று வீசாமல், சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும் வெப்பமும் தெரியாமல் இதமாக இருக்க எவ்வளவு துணி வேண்டுமோ அது 1 க்ளோ. ஏறக்குறைய ஒரு கோட்டு சூட்டு.

ஏறக்குறைய அதே காலத்தில் அன்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்ல்ஸ் பாஸெல் என்ற இருவர் சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, காற்றின் வேகத்துக்கு ஏற்ப அது எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று அளந்தார்கள். 'விண்ட் சில்' என்று வானிலை அறிக்கையில் சொல்கிறார்களே, அதன் வேர் இந்தச் சோதனையில் இருக்கிறது. வெப்பமானி காட்டும் எண் ஒன்று, காற்றில் நிற்கிற உடம்பு உணர்வது வேறு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். க்ளோ கணக்கு உட்கார்ந்திருப்பவருக்கு. ஓடுகிறவர் கதை என்ன? 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 700 கிலோகலோரி செலவாகும். சும்மா இருக்கும்போது செலவாவதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதாவது ஓடுகிறவன் நெஞ்சுக்குள் அடுப்பை மூட்டிக்கொண்டு ஓடுகிறான். எட்டு டிகிரியில் மெல்லிய சட்டையோடு ஓடினாலும் வியர்ப்பது அதனால்தான். நின்றால் அடுப்பு அணைந்துவிடும். ஆனால் நனைந்த துணி உடம்பிலேயே இருக்கும். அது ஆவியாகும்போது வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்துதான் எடுக்கும். என் மாணவனின் இருபது நிமிடத்துக்கு விளக்கம் இவ்வளவுதான். ஊட்டியில் அவன் உலர்ந்த ஸ்வெட்டரோடு நின்றான். ஷெஃபீல்டில் ஈரத்தோடு உட்கார்ந்தான்.

இந்த எளிய விஷயத்தை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. ஷெஃபீல்டின் மேற்கே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் தொடங்குகின்றன. ஊரின் ஒரு பகுதியே அந்தத் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அங்கே 'ஃபோர் இன்ஸ்' என்று ஒரு போட்டி. நான்கு விடுதிகளைத் தொட்டுச் செல்லும் சுமார் 45 மைல் மலைப்பாதையை வேகமாக நடந்து கடக்க வேண்டும். சாரணர் அமைப்பின் இளைஞர்கள் நடத்துவது. 1964 மார்ச் 14 அன்று 240 பேர் புறப்பட்டார்கள். உறைபனிக் குளிர் இல்லை. மழையும் காற்றும்தான். முடித்தவர்கள் 22 பேர். மூன்று பேர் குளிரில் இறந்துபோனார்கள். மூவரும் இருபது வயதையொட்டிய திடகாத்திரமான இளைஞர்கள்.

விளையாட்டுக்காரர்கள், நல்ல உடம்பு உள்ளவர்கள், கொடும் குளிர் கூட இல்லாத நாளில் எப்படி இறந்தார்கள்? இதை ஆராய வந்தவர் க்ரிஃபித் ப்யூ. 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் விஞ்ஞானியாக இருந்தவர். அந்த இளைஞர்கள் உடுத்தியிருந்த மாதிரியான உடைகளை எடுத்து, உலர்ந்த நிலையிலும், நனைத்துக் காற்றில் வைத்தும் சோதித்தார். காகித எடையில் தடிமனாகத் தெரிந்த உடை, நனைந்து காற்றும் பட்டபோது தன் காப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அவர் கண்டது இன்னொன்று: வேகமாக நடக்கும்வரை உடம்பு சமாளித்தது. களைத்து வேகம் குறைந்ததும் வெப்ப உற்பத்தி விழுந்தது. வெப்பம் விழுந்ததும் தசை தளர்ந்தது, புத்தி மந்தமானது, வேகம் இன்னும் குறைந்தது. ஒரு சுழல். அதற்குள் போனவர்களால் தாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை உணர முடியவில்லை. விரல் வரவில்லை, வாய் குழறியது என்று என் மாணவன் சொன்னானே, அது அந்தச் சுழலின் முதல் படி.

இந்தச் சாவுகள் வீணாகப் போகவில்லை. அந்த ஆண்டே பீக் டிஸ்ட்ரிக்டில் மலை மீட்புக் குழுக்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு உருவானது. மலையில் போகிறவர் கையோடு என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு தீவிரமானது.

இந்த நேரத்தில்தான் லங்காஷயர் மறுபடி வருகிறது. அக்ரிங்டன் என்ற ஆலை ஊரில் 1938இல் பிறந்தவர் ரான் ஹில். மான்செஸ்டரில் துணி வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதோடு உலகின் மிகச் சிறந்த மாரத்தான் ஓட்டக்காரர்களில் ஒருவர். இப்படி ஒரு சேர்க்கை அபூர்வம்! 1970 ஏப்ரலில் குளிர் மழையில் நடந்த பாஸ்டன் மாரத்தானை 2 மணி 10 நிமிடம் 30 வினாடியில் ஓடி, அந்தப் பந்தயத்தின் பழைய சாதனையை மூன்று நிமிடத்துக்கு மேல் குறைத்தார். ஜூலையில் எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் வலைப் பனியனோடு ஓடித் தங்கம் வாங்கினார். நேரம் 2:09:28. அதே ஆண்டு சொந்தமாக ஓட்ட உடை செய்யும் தொழிலைத் தொடங்கினார். ஈரத்தைக் குடிக்காத செயற்கை இழைகளில் இலேசான சட்டைகள், காலோடு படியும் நீளக் கால்சட்டைகள். பருத்தியால் உலகை ஆண்ட மண்ணிலிருந்து வந்த ஒரு துணி வேதியியலாளர், ஓடுகிறவர்களின் உடம்பிலிருந்து பருத்தியைக் கழற்றினார். இதை எழுதும்போது திருப்பூர்க்காரனான எனக்கே சிரிப்பு வருகிறது.

அதே காலத்தில் மற்ற கதவுகளும் திறந்தன. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் கம்பியைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது அது நுண்ணிய துளைகளோடு விரிந்தது. மழைத்துளி உள்ளே நுழைய முடியாத, வியர்வை ஆவி வெளியே போகக்கூடிய துணி அதிலிருந்து வந்தது. 1970களில் நார்வேயின் ஹெலி ஹான்சன் நிறுவனம் பாலிப்ரொப்பிலீன் உள்ளாடையைக் கொண்டுவந்தது. 1979இல் மாசசூசெட்ஸில் ஒரு பழைய கம்பளி ஆலை பாலியஸ்டரையே கம்பளி மாதிரி புசுபுசுவென்று ஆக்கியது. அதுதான் இன்று கடையில் தொங்கும் 'ஃப்ளீஸ்'. தோலையொட்டி ஈரம் கடத்தும் ஒன்று, அதன் மேல் சூடு காக்கும் ஒன்று, வெளியே காற்றை மறிக்கும் ஒன்று என்று மூன்று அடுக்குகளாக உடுத்தும் முறைக்குத் தேவையான துணிகள் எல்லாம் இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்து சேர்ந்தன.

உடை வந்தது. அதை எப்போது, எதற்காகக் கையில் வைத்திருப்பது என்ற ஒழுங்கு வேறு. அதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1968 முதல் அக்டோபர் கடைசியில் ஒரு மலை மாரத்தான் நடந்துவருகிறது. இலையுதிர்காலத்தின் மோசமான வானிலைக்காகவே அந்தத் தேதி. இருவர் இருவராக இரண்டு நாள் ஓட வேண்டும். கூடாரம், தூங்கும் பை, மாற்று உடை, மழை ஜெர்கின், சாப்பாடு எல்லாம் முதுகில் சுமந்துதான் ஓட வேண்டும். இல்லாதவருக்கு அனுமதி இல்லை. 2008 அக்டோபர் 25 அன்று, இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான பாரோடேல் பள்ளத்தாக்கில் இந்த ஓட்டம். சுமார் 2,500 பேர். பேய்மழை, வெள்ளம். ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அன்றிரவு தொலைக்காட்சிகளில் சுமார் 1,700 பேரைக் காணவில்லை என்று செய்தி. நாடே பதறியது. மறுநாள் காலையில் அவர்கள் பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள்! பண்ணைக் கொட்டகைகளிலும் சொந்தக் கூடாரங்களிலும் உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். சிலருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஒருவர் கூட இறக்கவில்லை.

இரண்டாவது சம்பவத்தை எழுதக் கை தயங்குகிறது. 2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணம். மஞ்சள் ஆற்றங்கரைக் கல்காடு என்னும் இடத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர். வசந்தகாலம் முடியும் நேரம், முந்தைய ஆண்டுகளில் வெயில்தான் பிரச்சினையாக இருந்தது. அதனால் காற்று மறிக்கும் ஜெர்கின் கட்டாயப் பட்டியலில் இல்லை, இருந்தால் நல்லது என்ற பட்டியலில் இருந்தது. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய டி-ஷர்ட்டுமாகக் கிளம்பிவிட்டார்கள். நண்பகல் நேரத்தில், ஆயிரம் மீட்டர் ஏற்றமுள்ள செங்குத்தான பகுதியில், சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் உறைமழையும் பிடித்துக்கொண்டன. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் ஒருவர். சுமாராக ஓடுகிறவர் அல்ல, மன்னர். ஆடு மேய்க்கும் ஜூ கெமிங் என்பவர் மழைக்கு ஒதுங்கியிருந்த குகை வீட்டில் ஆறு பேரை இழுத்துவந்து, ஈர உடையைக் கழற்றி, நெருப்பு மூட்டிப் போர்வை போர்த்திக் காப்பாற்றினார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை. ப்யூ ஆய்வுக்கூடத்தில் கண்டதை அவர் மலையில் வாழ்ந்தே தெரிந்துவைத்திருந்தார்.

மறுநாள், மே 23 அன்று, இங்கிலாந்தில் ரான் ஹில் காலமானார். வயது 82. 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை 52 ஆண்டுகள், ஒரு நாள் விடாமல், குறைந்தது ஒரு மைலாவது ஓடியவர். அத்தனை இலையுதிர்காலங்களையும் தாண்டி ஓடியவர்.

சரி, வரலாறு போதும். என் மாணவனுக்கு நான் எழுதி அனுப்பிய திருத்தத்தை இங்கேயும் போடுகிறேன். யாருக்காவது உதவும்.

தம்பி, பருத்தி பனியனை வீட்டில் போட்டுக்கொள், கல்லூரிக்குப் போட்டுக்கொள். ஓடும்போது மட்டும் வேண்டாம். தோலையொட்டிப் பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ இருக்கட்டும். விலை உயர்ந்தது தேவையில்லை, மலிவானதிலும் அதே இழைதான்.

வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. வெப்பமானி காட்டுவதைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று எண்ணி உடுத்து. பத்து டிகிரி என்றால் முழுக்கைச் சட்டை ஒன்றும் அரைக்கால் சட்டையும் போதும். ஐந்துக்குக் கீழே போனால் கால் மூடும் கால்சட்டை, இன்னும் ஒரு மெல்லிய சட்டை. கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் நனைந்துவிடுவாய். அந்த நனைவுதான் ஆபத்து.

கைக்கு மெல்லிய உறை, காதை மூடும் ஒரு தொப்பி. உடம்பு குளிரும்போது முதலில் கைவிடுவது விரல்களைத்தான். போனை அழுத்த அந்த விரல்கள்தான் வேண்டும்.

காற்று மறிக்கும் இலேசான ஜெர்கின் ஒன்று வாங்கு. மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும். வானம் எப்படி இருந்தாலும் இடுப்பில் கட்டிக்கொண்டு போ. வேகமாக ஓடும்போது கழற்று. ஓட்டத்தை நிறுத்துவதற்கு முன்பே போட்டுக்கொள், குளிர் தெரிந்த பிறகு அல்ல. 2018இல் பாஸ்டன் மாரத்தான் மூன்று டிகிரிக் குளிரிலும் எதிர்க்காற்று மழையிலும் நடந்தபோது, பெயர் பெற்ற பலர் பாதியில் விலகினார்கள். பெண்கள் பிரிவில் வென்ற டெஸ் லிண்டன் கடைசிவரை ஜெர்கினைக் கழற்றாமலேயே ஓடினார். ஜெர்கின் போடுவது பலவீனம் என்று எவனாவது சொன்னால் அந்த அம்மாவின் படத்தைக் காட்டு.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மாலை சீக்கிரம் இருட்டிவிடும். கறுப்புச் சட்டை வேண்டாம், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்று இருக்கட்டும். எந்தப் பாதையில் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அறைத் தோழனிடம் சொல்லிவிட்டுப் போ. திரும்பியதும் முதல் வேலை ஈர உடையை மாற்றுவது. தேநீர், செல்போன் எல்லாம் அப்புறம்.

சுருக்கமாகச் சொன்னால், உடம்பில் இருக்கும் துணி ஓடுவதற்கு. இடுப்பில் கட்டியிருக்கும் துணி, ஓட முடியாமல் போனால். இரண்டாவதை மறந்தவர்களின் கதைதான் மேலே எழுதியது.

இதைப் படித்துவிட்டு நேற்று பதில் அனுப்பியிருந்தான். கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து ஜெர்கினைத் துவைத்துக் கொடுத்துவிட்டானாம். புதிதாக ஒரு சட்டை வாங்கியிருக்கிறான், படம் அனுப்பினான். கழுத்துப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூறு சதவீதம் பாலியஸ்டர். அதன் கீழே சிறிய எழுத்தில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று இருந்தது. "எந்த ஊருன்னு போடலைங்க சார், ஆனா நம்ம ஊராத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்று எழுதியிருந்தான்.

அவன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்ன சொல் காக்க வேண்டும் அல்லவா? ஆனால் அந்த அம்மா முகநூலில் இருக்கிறார். இந்தப் பதிவைப் படித்தால் அவராகவே கண்டுபிடித்துவிடுவார். படிக்கட்டும். தாய்க்குத் தெரிந்திருப்பது நல்லதுதான்.

 வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். தவறு ஏதும் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.